மூலை தோண்டாத நகம்

என் ஆசை மச்சானுக்கு,

என் கால் பெருவிரல் தப்பிவிட்டது. முதலில் இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

கிழிந்த வலையைப் பெருவிரலில் மாட்டி, இழுத்துப் பிடித்துத்தானே நான் பொத்துவேன்? நூல் நகத்தில் சிக்கக்கூடாதென்று வியாழக்கிழமை தோறும் சவரப் பிளேட்டும் கையுமாக வந்துவிடுவீர்கள். "கால நீட்டு புள்ள, நாளைக்கு வெள்ளிக்கிழமை, நகத்தில கை வைக்கப்படாது" என்று மூலைகளைத் தோண்டி எடுப்பீர்கள். உங்கள் காலுக்கும் அதே வைத்தியம். செட்டிபாளையத்தில் நமக்குத் தெரிந்த தோணிக்காரர் எல்லோரும் அப்படித்தான் வெட்டினார்கள்.

உங்களுக்குச் சீனி வருத்தம் வந்து, இரத்தத்தில் சீனி ஏறிய பிறகும் நாம் அதை விடவில்லை. தோண்டிய மூலையில் சீழ் பிடித்து, பெருவிரலையே எடுத்தார்கள். "ஒன்பது விரலால தோணி தள்ள ஏலாதா?" என்று சிரித்தீர்கள். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் அழுதேன். நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோகும்வரை அந்த ஒன்பது விரலோடுதான் வாவிக்குப் போனீர்கள்.

இப்போது எனக்கும் சீனி. நீங்கள் இல்லாததால் பிளேட்டை நானே எடுத்தேன். போன மாதம் விரல் வீங்கிச் சிவந்தது. மகள் கௌரியிடம் மூன்று நாள் மறைத்தேன். "அப்பாட கால மறந்திட்டீங்களாம்மா?" என்று கத்தினாள். அன்றைக்கே என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள்.

கிளினிக்கில் தாதி மருந்து கட்டிக்கொண்டே சொன்னாள்: "மூலையத் தோண்டினா நகம் சதைக்குள்ள வளரும். குளிச்சாப் பிறகு, நகம் மெதுமெதுப்பா இருக்கக்குள்ள, நேரா வெட்டுங்க. ஓரத்த அரத்தால ராவுங்க. விரலிடுக்க ஈரமில்லாமத் துடைங்க."

"அப்ப வலை நூல் சிக்குமே புள்ள?" என்றேன்.

"சிக்கினா வந்து என்னை ஏசுங்க!"

புண் ஆறி, நேற்றுத்தான் வலையோடு உட்கார்ந்தேன். காலை முழுவதும் பொத்தினேன். ஒரு நூல்கூடச் சிக்கவில்லை மச்சான்! இதற்காகவா உங்கள் விரலைக் கொடுத்தோம்? கொஞ்சம் அழுதேன். பிறகு உங்களை ஏசினேன். பிறகு தேத்தண்ணி குடித்தேன், மனம் ஆறிவிட்டது.

கௌரியின் புருசனும் பிளேட்டோடுதான் திரிகிறார். அதைப் பறித்துக்கொண்டு நகவெட்டியை நீட்டினேன். "ஆம்பிளைக்கு என்னத்துக்கு மாமி இதெல்லாம்?" என்றார். உங்கள் ஒன்பது விரல் கதையைச் சொன்னேன். காலை நீட்டினார்.

வியாழக்கிழமை தவறாது மச்சான். நம் வீட்டில் இனி ஒருவருக்கும் ஒரு விரலும் குறையாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பத்து விரலோடும் இருக்கிற,
உங்கள் மாமன் மகள், உங்கள் பெண்சாதி,
பூரணம்