நான்காவது வீட்டில் சொன்ன உதாரணம்

வேணுஜாவின் அப்பாவுக்கு,

நெஞ்சுவலி மறுபடி வந்ததோ? குளிசைகளை நேரத்துக்குப் போடுகிறீர்களோ? யாழ்ப்பாணத்தில் நானும் வேணுஜாவும் சுகம்.

“பிள்ளைக்கு அறை கிடைச்சிட்டுதோ?” என்று முந்தநாள் போனில் கேட்டீர்கள். அவள் பக்கத்தில் நின்றதால் மழுப்பிவிட்டேன். இன்னும் கிடைக்கவில்லை. இடையில் மாறி வந்தவர்களுக்கு விடுதியில் இடமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் விலாசம் கொடுக்காவிட்டால் கம்பஸில் அவளைப் பதியமாட்டார்களாம்.

அறை கேட்டுப்போன மூன்று வீட்டிலும் ஒரே கேள்விதான்: “ரெண்டு வருசம் மட்டக்களப்பில படிச்ச பிள்ளை ஏன் பாதியில மாறினவ?” பெண்பிள்ளை என்றதும் அவர்களுக்கு வேறு யோசனை வருகிறது. உங்கள் நெஞ்சு வருத்தத்தை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றீர்களே, அதனால் நான்காவது வீட்டில் வகுப்பு எடுப்பதுபோல் ஓர் உதாரணம் சொன்னேன். மிளகாய்க் கன்றை நாற்றுமேடையிலிருந்து பிடுங்கி நட்டால்தானே காய்க்கும் என்றேன்.

வீட்டுக்கார அம்மா சிரிக்கவில்லை.

“நல்லா நிண்ட மிளகாய்க் கண்டை ஆரும் சும்மா பிடுங்குவினமோ, டீச்சர்? பிள்ளையின்ர தேப்பனோட கதைச்சுப்போட்டுத்தான் அறைத் திறப்புத் தருவன்.”



எங்கள் ஊருக்கு, நறுவிலிக்குளத்துக்கு வரும் தம்பு அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் திரும்பும்போது என் தலையணையைக் கொடுத்துவிடுங்கோ. இங்கே நித்திரை வருவதில்லை. அவருடைய பஸ் வெளிக்கிடப் போகிறது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்கார அம்மா உங்களுக்குப் போன் எடுப்பார். உங்கள் நெஞ்சுவலிக்குப் பிறகு, வீட்டுக்குக் கிட்ட இருக்கத்தான் பிள்ளை மாறி வந்தவள் என்று சொல்லுங்கோ. உதாரணம் ஒன்றும் வேண்டாம்.

பூமணி