முக்காடும் மூடிய வாயும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான், யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. கர்த்தரின் கிருபையால் அம்மாவும் நானும் சுகம், நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள், புதிதாக வெல்டிங் பிடித்தவன் ஒட்டின கேட் மாதிரி இருக்கிறது, ஆனாலும் விழாமல் நிற்கிறது.

எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது நம் போதகரின் மனைவி. ஆறு மாதம் அவர்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன். இப்போது ஆராதனையில் வேதம் வாசிக்க எனக்கும் முறை வருகிறது. சொல்லிக்கொடுத்தவருக்கு வராது, சபையில் பெண்கள் பேசக்கூடாது என்று வேதத்திலுள்ள ஒரு கடிதத்தில் பவுல் எழுதியிருக்கிறாராம். தேடிப் படித்தேன், இருக்கிறது. ஆனால் அதே கடிதத்தில் மூன்று அதிகாரம் முன்னால், பெண்கள் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ளச் சொல்லியும் இருக்கிறது. போதகரிடம் போய், "ஐயா, வாயே திறக்கக்கூடாதுன்னா முக்காடு எதுக்கு?" என்று கேட்டேன். "அது அந்தக் காலத்துப் பழக்கம், இது எந்தக் காலத்துக்கும் கட்டளை" என்றார். எது எதுவென்று எப்படித் தெரியும் என்றேன். "இதுக்குத்தான் உங்களுக்குப் படிப்பு வேணாம்னு அவகிட்ட சொன்னேன்" என்று சிரித்தார், பாதிச் சிரிப்புதான்.

போன ஞாயிறு ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம் வாசித்தேன். அதில் அவர் பிள்ளையின் பெயர் ஒரு முழ நீளம், அதில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். பெண்கள் பக்கமிருந்து போதகரம்மா அந்தப் பெயரைச் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் நிற்கவே, அதிகாரம் முழுவதையும் வாசித்து முடித்தார். எவ்வளவு தெளிவான குரல்! ஒருவரும் எழுந்து தடுக்கவில்லை, எல்லாருக்கும் மதியப் பசி. வெளியே வந்ததும் சபை மூப்பர் என்னிடம், "அவங்க வாசிக்கலைய்யா, உமக்கு உதவி செஞ்சாங்க. உதவி செய்யக்கூடாதுன்னு வசனம் இல்லையே" என்றார். அவரும் வேதத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எட்டாம் வகுப்பு படிக்கையில் நீ சபையில் வாசிக்க எழுந்தபோது இதே மூப்பர் என்னைப் பார்த்தார். நான் உன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன், வசனத்தில் இருக்கிறது என்று அதட்டினேன். அன்றைக்கு எனக்கு 'அ' கூடத் தெரியாதம்மா. அதற்குப் பிறகு நீ சபைக்குள் வரவில்லை. தப்பு வசனத்தின் மேலே இல்லை, என் மேலே.

லீவு கிடைத்தால் எந்த ஞாயிறு வருகிறாய் என்று எழுது. அந்த வாரம் என் முறையாகக் கேட்டு வாங்கி, முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வேன். நீ எழுந்து எனக்கு உதவி செய்.

அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொள், இது எந்தக் காலத்துக்கும் கட்டளை. கர்த்தர் உன்னைக் காப்பாராக. இதை எழுத நான்கு நாளானது, அதனால் அடுத்த வாரக் கடிதத்தை நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடத் தெரிந்த உன் அப்பா