கடைசி ரீல் இல்லாத படம்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
12 ஒக்டோபர் 1986

அன்புள்ள தம்பி ஞானேஸ்வரனுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று நல்லூர்க் கந்தனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே பக்கத்து வீட்டு அந்தோனிப்பிள்ளை அண்ணை மெட்ராசுக்கு வருகிறார். இதை உன் கையிலேயே தருவார் என்பதால் மனம் விட்டு எழுதுகிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அத்தான் கார் ஓட்டப் பழக்குகிறேன் என்று என் உயிரை வாங்குகிறார். ஃப்ரீவேயில் நான் கண்ணை மூடுகிறேனாம். மகள் ஜெயமலர் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்கிறாள். மாமன் வந்து இரண்டு அதட்டு அதட்டினால்தான் சரிவருவாள்.

யூனிவர்சிட்டி லைப்ரரியில் படச்சுருள்கள் கொடுத்து வாங்கும் வேலை எனக்கு என்று எழுதியிருந்தேனே. போன கிழமை ஒரு பேராசிரியர் மாணவர்களுக்கு ஒரு பேசாப் படம் போட்டுக் காட்டினார். எழுபது வருடப் பழசு. நியூயோர்க் சேரியில் அடிதடிக் கும்பலோடு சேர்ந்த ஒரு பெடியனின் கதை. அதற்கு முன்னால் படங்களில் இப்படிப்பட்டவர்கள் வெறும் கெட்டவர்களாம், எங்கோ தூரத்தில் குத்திவிட்டு ஓடுவார்களாம். அந்தக் காலத்து ஒன்றிரண்டு படங்கள்தான் கமராவை அவர்களின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோயின, பின்னால் வந்த கேங்ஸ்டர் படங்களுக்கெல்லாம் வழி போட்டன என்று விளக்கினார். சினிமாச் சரித்திரம் எனக்கெதற்கு? நான் அந்த முகத்தைத்தான் பார்த்தேன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கோபிக்காதே, உன்னை ரவுடி என்று சொல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் இயக்கத்துக்குப் போனபோது உனக்கும் அந்த வயதுதான்.

படத்தில் அவன் கும்பலின் பேச்சைக் கேட்டு, தன்னோடு வளர்ந்தவனையே சுட்டுவிடுகிறான். பிறகு தாயின் வீட்டுக்கு வந்து கதவுக்கு முன்னால் நிற்கிறான். கையைத் தூக்குகிறான், இறக்குகிறான். எனக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் இருக்கிறேன் என்று நினைத்தேனோ என்னவோ, "தட்டடா!" என்று கத்தியே விட்டேன். மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியர் நல்ல மனிதர், அந்தக் காலத்துச் சனமும் இப்படித்தான் திரையோடு பேசியது என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினார்.

அதோடு படம் நின்றுவிட்டது. கடைசி ரீல் கிடைக்கவே இல்லையாம். அந்தக் காலத்துச் சுருள்கள் உக்கிப் பொடியாகிவிடுமாம். முடிவு என்ன என்று கேட்டேன். படித்தவர்கள் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்களாம். பொலிஸ் பிடித்தது என்று ஒருவர், வாசலிலேயே செத்தான் என்று இன்னொருவர். கதவு திறந்தது, உள்ளே போனான் என்று எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை. உள்ளே இருப்பது பெற்ற தாய் என்பதையே மறந்துவிட்டார்கள்! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

தம்பி, ஊரில் சந்தியில் வைத்து உன் பள்ளிக்கூடச் சிநேகிதனைச் சுட்ட துவக்கு உன் கையில்தான் இருந்தது என்று எனக்கு எழுதினாய். இயக்கத்தில் மேலே இருந்தவர்கள் சொன்னார்கள், மறுக்க முடியவில்லை என்றாய். அம்மாவுக்குத் தெரிந்தால் செத்துப்போவா, இனி அவவின் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றும் எழுதினாய். அம்மா இப்போது திருச்சியில். நீ இருக்கும் இடத்திலிருந்து ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். ஒரு வருடமாக நீ ஏறவில்லை.

நான் அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். படம் பார்த்த மறுநாள் போன் எடுத்துச் சொன்னேன். என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா அழவில்லை. ஒன்றுதான் கேட்டா, செத்துப்போன அந்தப் பிள்ளையின் தாய் இப்போது யாரோடு இருக்கிறா என்று. அவவுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டுமாம். தனியே எழுத ஏலாதாம். ஞானத்தை வந்து பக்கத்தில் இருக்கச் சொல் என்றா.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், ராசா. அம்மா கடதாசி வாங்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறா. போ.

உன் அக்கா,
பத்மராணி