பன்னீர் ரோஜாவும் புத்தூர்க்காரம்மாவும்

நைனா,

இன்று காலை திருப்பதி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த பெண்ணின் பின்னலில் ஒரு பன்னீர் ரோஜா இருந்தது. அந்த வாசனையில் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு நினைவுக்கு வரும். எனக்கு உன் வேலி ஓரம் வந்தது, கூடவே அந்தச் சந்தேகமும். இறங்கும்வரை அந்தப் பூவையே முறைத்துக்கொண்டு வந்தேன்.

பிச்சாட்டூர்ப் பக்கம் வேர்க்கடலையும் கரும்பும் தவிர வேறெதற்கும் தண்ணீர் கட்டாதவன் நீ. அம்மா ஒரு ரோஜாச் செடி கேட்டபோது, "துன்ன முடியாத செடிக்கு எதுக்குத் தண்ணி?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாய். அவள் கடைசிவரை கடையில்தான் பூ வாங்கினாள். அவள் போன மறு வருஷம் நான் ஊருக்கு வந்தால், கிணற்றடியிலிருந்து கேட் வரைக்கும் ரோஜா. இடுப்புயரத்துக்குப் புதர் புதராக, இளஞ்சிவப்பாகப் பூத்துக்கிடந்தது.

"யாரு நைனா வெச்சது?"

"நான்தான்."

"செடி ஏது?"

"புத்தூர்ல ஒருத்தங்க குடுத்தாங்க."

"ஒருத்தங்கன்னா?"

நீ மோட்டார் போடப் போய்விட்டாய். அன்றைக்குக் கரண்டே இல்லை.

சாயங்காலம் நீயாகவே பேச்செடுத்தாய். "இது ஒட்டுச் செடி இல்ல. கொம்ப வெட்டி நட்டாலே வந்துடும். மருந்து வேணாம், தெனமும் தண்ணி வேணாம். வருஷத்துக்கு ஒரு தபா கிளைய வெட்டிக் கவாத்து பண்ணா போதும், அதும்பாட்டுக்கு இருக்கும்." கேட்கக் கேட்க எனக்கு உறுத்தியது. அது உன் பேச்சே இல்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னதை நீ கவனமாகக் கேட்டு வைத்திருந்தாய். நாங்கள் சொல்லி நீ எதைக் காதில் போட்டுக்கொண்டாய்? எதுவுமே கேட்காமல் இப்படிப் பூத்துத் தள்ளும் செடியையும் என்னால் நம்ப முடியவில்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பூச்சிகூட இல்லை.

சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பிக்கு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. "புத்தூர்ல நர்சரி வெச்சிருக்குதுக்கா அந்தம்மா. புருஷன் இல்ல. தெலுங்குக்காரங்க. நைனா வாரா வாரம் போய்க்கினு இருக்காரு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெலத்துக்குத்தான் அடி போடுது, பாரு" என்றான். அதன்பிறகு நான் வந்த போதெல்லாம் வீட்டை மோப்பம் பிடித்தேன். புதுச் சட்டை யார் எடுத்தது, அடுப்பில் கோங்குராக் கீரை எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒருநாள் நீ சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாய்.

"பேச ஒரு ஆளு வேணாமா எனக்கு?"

அவ்வளவுதான் சொன்னாய். கோபம்கூட இல்லை அதில். ஆனாலும் நான் விடவில்லை. பேச மட்டும் யாராவது புத்தூர் வரைக்கும் போவார்களா என்றுதான் யோசித்தேன்.

ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் நீ எழுந்திருக்கவில்லை. சாவுக்கு அந்த அம்மா வரவில்லை. தம்பி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தான். காரியமெல்லாம் முடிந்து, மழை விட்டு வெயில் ஏறிய ஒரு காலையில், துணிப்பையோடு கேட்டில் வந்து நின்றார். குட்டையாக, நரைத்த தலையோடு, வெயிலில் கறுத்த முகம். நான் மனதில் வரைந்து வைத்திருந்த பொம்பளை இவரில்லை.

"என்ன வேணும்?" என்றான் தம்பி, வழியை விடாமல்.

"ஏமீ ஒத்து பாபு." ஒன்றும் வேண்டாமாம். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் காட்டினார். "கவாத்து டைம் தாண்டிப் போவுது. பண்ணிட்டுப் போயிடறேன்."

தம்பி அரைமனதாக விலகினான். நான் கூடவே நின்றேன், ஒவ்வொரு வெட்டுக்கும். பூவும் மொட்டுமாக இருந்த கிளைகளை அவர் முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் போட்டுக்கொண்டே போனார். கடைசியில் வேலி ஓரம் வெறும் குச்சிகள்தான் நின்றன. கேட்டில் மறித்த கோபத்தில் உன் செடிகளைக் கொன்றுவிட்டுப் போகிறார் என்றே நினைத்தேன்.

"செத்துடாதா?"

"இது சாவாதும்மா." வெட்டிய கிளைகளை ஓரமாகக் குவித்தார். அதில் ஒரு கொம்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பித் தரும்போது என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உங்க நைனா சொல்வாரு. 'எம் பொண்ணு யாருகிட்டயும் ஏமாற மாட்டா. அதனாலயே யாரும் இல்லாம நின்னுடுவாளோன்னுதான் பயம்'னு."

நீ இதைச் சொன்னாயா, இல்லை அவரே கட்டிச் சொன்னாரா என்று அன்று முழுக்கக் குடைந்தது. எனக்கு எதிரே நீ பயம் என்ற சொல்லைச் சொன்னதே இல்லை. அவருக்கு எதிரே சொல்லியிருப்பாய் என்று நம்புவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தை முடிவதற்குள் குச்சியெல்லாம் செந்தளிராக வெடித்தது. மாசியில், நீ இருந்தபோது பூத்ததைவிட அதிகமாகப் பூத்தது. "வரும் பாரு, பங்கு கேட்டு வரும்" என்று தம்பி இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். யாரும் வரவில்லை.

கடைசியில் நானே போனேன் நைனா, புத்தூருக்கு. வேவு பார்க்கத்தான் போனேன், உன்னிடம் மறைப்பானேன். அந்த அம்மா கைமண்ணைக் கழுவிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார். நர்சரியின் பின்பக்கம், நிழல்வலைக்குக் கீழே, நாற்றுப் பைகளுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் எதிரெதிராகக் கிடந்தன. ஒன்று பளிச்சென்றிருந்தது. மற்றதில் தூசி படிந்திருந்தது.

உங்களுக்கும் நைனாவுக்கும் என்ன என்று வாய்வரை வந்த கேள்வியை நான் கேட்கவில்லை. முந்தானையால் தூசியைத் துடைத்துவிட்டு அதில் உட்கார்ந்தேன். காப்பியோடு வந்தவர் என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு எதிரே உட்கார்ந்து, "சக்கரை போதுமா?" என்றார்.

நீ போன பிறகு நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான். அது இன்னும் என்னிடமே இருக்கிறது.