செல்வி பார்த்துக் கற்றுக்கொண்டது

செவ்வாய், இரவு

தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இன்று ஒரு பை ஆளில்லாமல் கிடந்தது. எஸ்.ஐ. என்று அங்கே நான் ஒருத்திதான். கூட்டத்தை விலக்கிவிட்டு வெடிகுண்டு நிபுணர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நேரே போய் ஜிப்பைத் திறந்தேன். உள்ளே புளிச்சோறும் ஒரு புடவையும். ஜனங்கள் கை தட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம்.

தீவிரவாதத் தடுப்புப் பயிற்சியில் போன மாதம்தான் பாஸ் செய்தேன். பெரிய பாஸ்! ஆன்லைன் வகுப்பு போனில் அதுபாட்டுக்கு ஓடியது, நான் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன். விடையெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. மார்க் ஏறிவிட்டது.

கூட டூட்டியில் இருந்த கான்ஸ்டபிள் செல்வி, "செம தைரியம் மேடம் உங்களுக்கு. இனிமே நானும் பயப்படாம தொறந்து பாத்துடறேன்" என்றாள்.

'தொடாதேடி, நான் பண்ணது தப்பு' என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நாளைக் காலை அந்தப் பிளாட்பாரத்தில் அவள் தனியாக நிற்கப்போகிறாள். சொன்னால் என் மானம் போகும். போகட்டும். கூப்பிட்டுவிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.

எடு, செல்வி.