புற்றைப் பார்த்துக் கட்டிய வீடு

இன்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த ஈர வாசனை கூடமெல்லாம் நிற்கிறது. உங்களுக்குப் பிடித்த வாசனை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆட்களுக்கு மோர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணமான புதிதில், சூலூர் போகும் வழியில், ஒரு கரையான் புற்றின் முன்னால் சைக்கிளை நிறுத்தினீர்கள். உச்சியிலிருந்த துளைமேல் கையை வைக்கச் சொன்னீர்கள்.

“ஏனுங்க, பாம்பு இருக்குமுங்க.”

“இருக்காது அம்மணி, வெச்சுப் பாரு. சூடு மேல போவுது, கீழ குளுந்த காத்து வாங்குது. நம்ம ஊட்டையும் இப்படித்தான் கட்டோணும்.”

நீங்கள் மில்லில் கட்டட ஓவர்சியர். ஊரெல்லாம் கான்கிரீட் மச்சு எழும்பிக்கொண்டிருந்தபோது, நீங்கள் தடித்த மண்சுவர் வைத்து, தரையோரம் துளைகள் விட்டு, கூடத்துக்கு மேலே புகைபோக்கி போல ஒன்றை உயர்த்திக் கட்டினீர்கள். முதல் கோடையில் வீடு அடுப்பாகக் கொதித்தது. கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. உங்கள் அண்ணன் வந்து பார்த்தார்.

“கரையானுக்குப் புத்து சரி தம்பி. மனுசனுக்கு ஆவுமா?”

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரமடைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கிழக்குச் சுவரின் துளைகள் அடைபட்டிருந்தன. மேற்கே, வாழைகளுக்கு நேராக, புதிதாகத் துளைகள் விட்டிருந்தீர்கள்.

“பாலக்காட்டுக் காத்து வர்ற தெசையப் பாக்காம கட்டிப்போட்டேன் அம்மணி” என்றீர்கள். அன்று மதியம் முழுக்கக் குழந்தை தூங்கியது. நீங்கள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், சித்திரை வெயிலில், வேலை நடக்குமிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வெளியே அனலாக இருந்தது. அழுதுகொண்டே உள்ளே வந்தவர்கள் வாசலைத் தாண்டியதும் ஒரு கணம் அழுகையை நிறுத்தினார்கள்.

“ஊடு என்னமாக் குளுகுளுன்னு இருக்குதுங்க” என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். பக்கத்திலிருந்தவள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

உங்கள் அண்ணன் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார். “நல்லாத்தான் கட்டியிருக்கறான் அம்மணி.”

“ஆமாங்க மாமா” என்றேன். அழவில்லை. பிறகும் அழவில்லை. அழு அழு என்று சொன்னவர்களெல்லாம் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

கல்யாண வீடோ, எழவு வீடோ, எங்கே போனாலும், வாங்க என்பவர்களுக்குப் பதில் சொல்லும் முன்பே என் தலை தானாக அண்ணாந்துகொள்கிறது. உள்ளிருக்கும் சூடு வெளியே போக வழி விட்டிருக்கிறார்களா என்று பார்க்கிறேன்.