சுடலைமுத்துவிடமிருந்து கந்தையாவுக்கு ஒரு வீடு

அக்கா,

இன்று காலை அஜ்மானில் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். நர்ஸ் கதவைத் திறந்து “கந்தையா!” என்று கூப்பிட்டாள். சட்டென்று எழுந்தேன். கந்தையா ஒரு பெண்ணாக வந்து நிற்பதைப் பார்த்து அவள் விழித்தாள். எனக்கு உங்கள் நினைவு வந்து, பல்வலியோடு சிரித்துவிட்டேன்.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை முன்னால் வைத்திருக்கும் நமக்கு, இந்த நாட்டில் அப்பா பெயர்தான் பெயர். இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியும் அதை மறந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். அதுவும் எந்த நாளில்! நாம் ஒன்றாக இருந்த உங்கள் சொந்த வீட்டை நீங்கள் எனக்கு மாற்றிக் கொடுத்த நாளில்.

அன்று மாலை உங்களுக்கு விமானம். விசாவை முடித்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ஒரேயடியாகப் போகிறீர்கள். வீட்டை ஏஜெண்ட் மூலம் விற்றுவிடச் சொல்லி உங்கள் தம்பி விடாமல் போன் செய்தார். நீங்கள் அசையவில்லை. “அவளுக்குன்னு சொல்லிட்டேன், அவளுக்குத்தான்.” அன்று பதிவு நடக்காவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும்.

நில அலுவலகத்தில் உட்கார்ந்து, இட்லிப் பானையை ஊருக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். “சுடலைமுத்து! கந்தையா!” என்று கூப்பிட்டார்கள். நீங்கள் ஆவலாகத் திரும்பினீர்கள்.

“ஏட்டி, எங்கப்பா பேருல ஒரு ஆளு வந்திருக்கான். எங்க இருக்கான்னு பாரு.”

“எங்கட அப்பாட பேரிலயும் ஆரோ இருக்கினம் அக்கா!”

இரண்டு பேரும் கழுத்தை நீட்டித் தேடினோம். அது நாம்தான் என்று உறைத்தபோது நம் முறை போய்விட்டிருந்தது. “கலாஸ், முடிஞ்சது, நாளைக்கு வாங்க” என்றார் கவுண்டர்காரர். நீங்கள் கையை ஊன்றிக்கொண்டு உங்கள் ஹிந்தியை எடுத்துவிட்டீர்கள்.

“பாய், சுடலைமுத்து மேரா அப்பா. வோ மர் கயா. நஹி ஆயேகா. மை ஆயா.”

செத்த அப்பா வரமாட்டார், மகள் வந்திருக்கிறாள் என்றதும் அவர் பக்கத்து ஆளிடமும் சொல்லிச் சிரித்து, “யல்லா, ஆகட்டும்” என்று காகிதங்களை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும், “ரெண்டு கிழடும் பிளேன் ஏறுனதே இல்ல. இங்க வந்து வீடு மாத்திக்கிடுதுக, பாத்தியா” என்றீர்கள். நான் அழுதுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் சொந்த வீட்டை விட்டு ஓடி, வாடகை வீட்டிலேயே கண்மூடிய என் அப்பாவின் பெயர்தான் அந்தப் பத்திரத்தில் உரிமையாளர் பெயராக இருந்தது.

“அழாதட்டி. உங்கப்பாவுக்கு வீடு கெடச்சிட்டுல்லா?”

போன மாதம் உங்கள் தம்பிதான் போன் செய்து நீங்கள் இறந்துபோனதைச் சொன்னார். உங்களைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது இன்னும் ஆறவில்லை, அக்கா. நீங்கள் விட்டுப்போன அந்த இட்லிப் பானையில்தான் சமைக்கிறேன்.

இன்று மத்தியானம் வாட்ச்மேன் கீழேயிருந்து பேசினார். உங்கள் பெயருக்கு ஏதோ கூரியர் வந்திருக்கிறதாம், இந்தப் பழைய முகவரிக்கு. “சுடலைமுத்து ஹை க்யா, மேடம்?” இருக்கிறாரா என்று கேட்கிறார்.

“ஹை பாய்” என்றேன். “மேலே அனுப்புங்கள்.”